மூன்றாவது கூட்டம்

தலைவி வந்திருந்தார். செயலாளர் வந்திருந்தார். கணக்கு டீச்சர், தையல் டீச்சர், கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்த டீச்சர்கள் இரண்டு பேர். பெண் ஆசிரியர் சங்கம் எங்கள் பள்ளியில்தான் கூடும். நான் அங்கே ஆயா. டீ கொடுப்பேன்.

சங்கத்தைத் தொடங்கிய தமிழ் டீச்சர் மட்டும் வரவில்லை. அடி அண்ணாமலையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவர் பெயரை நீக்கிவிட வேண்டும் என்பது விதி. அன்று நடந்தது மூன்றாவது கூட்டம்.

காலையில் அவர் எனக்குப் போன் செய்திருந்தார். "செயலாளர் போனை எடுக்க மாட்றாங்க. நான் சாகற வரைக்கும் என் பேரை எடுக்க வேணாம்னு நீயாவது சொல்லும்மா."

கூட்டத்தில் சொன்னேன்.

"அந்த விதியை எழுதினதே அவங்கதானே," என்றார் செயலாளர்.

"பௌர்ணமிக்குக் கிரிவலம் வர்ற கூட்டத்துல, பஸ்ல நின்னுக்கிட்டே நாங்க வரலையா?" என்றார் கீழ்பென்னாத்தூர் டீச்சர் ஒருவர்.

"நிக்க முடிஞ்சா அவங்களும் வந்திருப்பாங்க," என்றார் தையல் டீச்சர்.



"பேரு இருக்கட்டும்னு சொல்றவங்க கை தூக்குங்க," என்றார் தலைவி.

எனக்கு ஓட்டுக் கிடையாது. டீத் தட்டோடு நின்று எண்ணினேன்.

இரண்டு.