பேயக்காவின் இடது கை

காலை ஆறரைக்குத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மூன்று முறை அலறுவார். தலையணை இல்லாமல் அலறிய காலத்தில் பக்கத்து வீட்டார் இரண்டு தடவை போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். அலறி முடித்து, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "செத்துட்டு வந்துடறேங்க" என்பார். பேருந்து ஓட்டும் கணவர் செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல், "சீக்கிரம் செத்துட்டு வா. வர்றப்ப பால் வாங்கிக்க" என்பார்.

படப்பிடிப்பில் எல்லாருக்கும் இவர் பேயக்கா. துக்கடா முதலீட்டில் எடுத்த பதினாறு பேய்ப்படங்களில் செத்திருக்கிறார். பதினாறிலும் எழுந்து வந்திருக்கிறார். பெரும்பாலும் வேலைக்காரி. வசனம் கிடையாது, உறுமல் உண்டு. பெயர்ப்பட்டியலில் 'பேய்' என்று மட்டும் வரும். ஏன் எப்போதும் இவரே என்று கேட்டால் தயாரிப்பாளர்கள் கூச்சநாச்சமில்லாமல் சொல்வார்கள்: "அவங்க நிறத்துக்கு மேக்கப்பே வேணாம் சார்." சொல்லிவிட்டு இவர் பக்கமே திரும்பிச் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார்.

"சிரிக்கலைன்னா அடுத்த படத்துல சாக விடமாட்டாங்களே" என்றார், மாடி வீட்டில் குடியிருக்கும் என்னிடம். "எனக்கு ஒரே ஆசைதான். ஒரு பேரு, நாலு வரி வசனம். அப்புறம் வேணும்னா கொன்னுக்கட்டும்."

போன மாதம் ஒரு புது இயக்குநர் வீடு தேடி வந்தார். "அக்கா, இது கறுப்பா இருக்கிற ஒரு பொண்ணோட வலியைப் பேசுற பேய்ப்படம். நீங்க இல்லாம எடுக்கவே முடியாது. படிச்சு வைங்க" என்று பதினொரு பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் படத்தில் சகலருக்கும் இடம் உண்டாம். உண்டுதான். சக்கர நாற்காலியில் வருபவர் முதல் பத்து நிமிடத்தில் மாடிப்படியில் சாகிறார். காது கேளாதவர், பின்னால் பேய் வருவது தெரியாமல் சாகிறார். பேயக்கா பாத்திரம் கழுவியபடியே பதினொரு பக்கத்தையும் மனப்பாடம் செய்தார். கணவருக்கே பாதி வசனம் பாடமாகிவிட்டது. கதையில் வரும் அந்தப் பெண்ணுக்குப் பேயாவதற்கு முன் ஒரு பெயர்கூட இருந்தது.

முதல் நாள் நானும் கூடப் போனேன். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, பட்டப்பகலை இரவாக்கிய வீடு. ஒப்பனை நாற்காலியில் செக்கச்செவேலென்று ஒரு கதாநாயகி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கக்கா, உங்களுக்குத்தான் காத்திருக்கோம். இடது கையைக் கொஞ்சம் நீட்டுங்க" என்றார் ஒப்பனைக்காரர். பேயக்கா முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு நீட்டினார். ஒப்பனைக்காரர் அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துச் சாயம் குழைத்து, கதாநாயகியின் முகத்தில் பூசினார்.

பேயக்காவுக்கு விஷயம் புரிவதற்குள் ஒரு கன்னம் முடிந்துவிட்டது.

"அப்ப நான், தம்பி?"

"நீங்கதான்க்கா படத்தோட உண்மை" என்றார் இயக்குநர், நெஞ்சில் கை வைத்து. "முகம் வியாபாரத்துக்கு. டைட்டில்ல 'நிற ஆலோசகர்'னு உங்க பேரையே போடுறோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதாநாயகி பாவம், நல்ல பெண். பாதி கறுத்த முகத்தோடு திரும்பி, "அக்கா, இந்த நிறத்துல பொறந்தா எப்படி வலிக்கும்னு ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன். அப்படியே பண்ணிடறேன்" என்றாள்.

 பேயக்கா சுருட்டிய சட்டைக் கையை மடிப்பு மடிப்பாக இறக்கினார்.

"அக்கா, அக்கா, இன்னொரு கன்னம் இருக்கே!" என்று பதறினார் ஒப்பனைக்காரர், தூரிகையும் கையுமாக.

பேயக்கா மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.