புது மோட்டாருக்கு மாலையும் இரண்டு பங்கு எண்ணெயும்

கடல் இல்லாத ஊரில் படகு மோட்டாருக்கு எண்ணெய் விற்பது என்பது, வாங்க வருகிறவரிடம் அவருக்கு எது வேண்டாம் என்று முதலில் சொல்லும் தொழில்.

பெங்களூர் அடுகோடியில் எங்கள் கடை. ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளுகிறவர்கள், அணை ஓரத்து ரிசார்ட்காரர்கள் எல்லாம் வருவார்கள். நான் வேதியியல் படித்தவள், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. சேர்ந்த அன்றே முதலாளி சம்பத் அண்ணன் சொல்லிவிட்டார்: "மூணு மாசம் பாக்குறேன். உன் பேச்சக் கேட்டு எண்ணெய் ஊத்தி ஒரு மோட்டார் கெட்டு வந்தாலும், நமஸ்காரம்." கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைப்பவர்களுக்கு, அந்த மூன்று மாதம் நான் எப்படித் தூங்கியிருப்பேன் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆட்டோ எண்ணெய்

பழைய ஆட்டோக்காரர் ஒருவர் ஏரியில் படகு ஓட்டும் வேலைக்கு மாறியிருந்தார். ஆட்டோவுக்கு ஊற்றி வீட்டில் மிச்சமிருந்த 2T எண்ணெயையே படகுக்கும் ஊற்றலாமா என்று கேட்டார். "வேண்டாங்க அண்ணா," என்றேன். ஆட்டோ எஞ்சினைக் குளிர வைப்பது காற்று. படகு மோட்டாரைக் குளிர வைப்பது தண்ணீர். ஆட்டோ எண்ணெய் எரிந்து மிஞ்சும் சாம்பல் படகு மோட்டாரின் பிளக்கிலும் ரிங்கிலும் படிந்துவிடும். டப்பாவில் படகு மோட்டாருக்கான TC-W3 முத்திரை இருக்கிறதா பாருங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள், அது வெறும் சாயம் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "மழை பேஞ்சா நம்ம ரோட்ல ஆட்டோவும் தண்ணியிலதான்மா ஓடுது. அதுக்கும் இதையே ஊத்தணுமா?"

விலை உயர்ந்த எண்ணெய்

ரிசார்ட் முதலாளி ஒருவரின் டிரைவர், கார் எண்ணெய் டப்பாவோடு வந்தார். இருப்பதிலேயே விலை அதிகமானது. இதை எத்தனை மில்லி கலக்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். கார் எண்ணெய் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது, படகு மோட்டாருக்கான டூ ஸ்ட்ரோக் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோவது, அதனால் இது கூடவே கூடாது என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பதினஞ்சு வருஷமா சார் காருக்கு இதான் ஊத்தறேன். உங்க படகுக்கு இத ஊத்தற யோக்யதை இல்லன்னு நீயே வந்து சார்கிட்ட சொல்லும்மா."

கேட்காமல் விட்ட கேள்வி

மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம். ஹெப்பகோடிப் பக்கம் ஏரி சுத்தம் செய்யும் காண்ட்ராக்டர் முனிராஜு வந்தார். சரியான எண்ணெயைக் கொடுத்து, டப்பா மேலேயே பேனாவால் எழுதினேன்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இருபது மில்லி. அவர் போன பிறகு பார்த்தால், கவுண்டரில் ஒரு சாமந்தி மாலை. மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மாலையைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. பழைய மோட்டாருக்கு யாரும் மாலை வாங்க மாட்டார்கள். அவர் வாங்கியிருப்பது புது மோட்டார். புது மோட்டாருக்கு முதல் பத்து மணி நேரம் இரண்டு பங்கு எண்ணெய், அதாவது நாற்பது மில்லி கலக்க வேண்டும். புதுசா பழசா என்று நான் கேட்கவே இல்லை. போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மறைத்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு சம்பத் அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாலையைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். "அழுவறத பஸ்ல அழுதுக்கோ. இன்னொரு டப்பா எடுத்துக்கினு ஹோகு, சீக்கிரம் போ."

பேருந்தில்

ஓசூர் ரோட்டின் நெரிசலில் பேருந்து நகரவில்லை. ஒரு கையில் மாலை, மறு கையில் எண்ணெய் டப்பா, கண் கலங்கி நான். அந்த நேரத்துக்கு மோட்டார் இறுகிப்போயிருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிக்கெட் கொடுத்த கண்டக்டர் மாலையை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தமிழிலேயே மெதுவாகச் சொன்னார்: "எதுக்கும் வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தாலி கட்டிக்கோம்மா."

எலுமிச்சம்பழம்

ஏரிக்கரைக்கு ஓடினேன். படகு கரையிலேயே இருந்தது. மோட்டாருக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள், ஆனால் இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. மாலை இல்லாமல் ஸ்டார்ட் கயிற்றை இழுக்கக் கூடாது என்று முனிராஜுவின் மனைவி சொல்லிவிட்டாராம். தண்ணீரில் விழுந்துவிடும் என்று போனை வண்டியிலேயே வைத்துவிட்டாராம் முனிராஜு.

மாலையைக் கொடுத்தேன். "சார், நான் தப்பா எழுதிட்டேன். இருபது இல்ல, முதல் பத்து மணி நேரம் நாற்பது," என்று சொல்லி, டேங்கில் குறைந்த எண்ணெயை என் கையாலேயே அளந்து ஊற்றினேன்.

அவர் கவலை வேறாக இருந்தது. "எண்ணெய் சரிம்மா. இதுக்குச் சக்கரமே இல்லியே, எலுமிச்சம்பழத்த எங்க வெக்கறது? நீதான் படிச்ச பொண்ணு, சொல்லு."

நமஸ்காரம்

பழத்தைப் படகின் முனைக்கு அடியில் கரையில் வைத்துப் படகைத் தள்ளச் சொன்னேன். பழம் நசுங்கியது. மோட்டார் இரண்டாவது இழுப்பில் பிடித்தது.

கடைக்குத் திரும்பியதும், திங்கட்கிழமை வரலாமா என்று சம்பத் அண்ணனிடம் கேட்டேன். மூன்று மாதம் அன்றோடு முடிகிறது. அவர் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "முனிராஜு போன் பண்ணாரு. அடுத்த வாரம் இன்னொரு மோட்டார் வருதாம், அந்தப் பொண்ண அனுப்புன்னாரு. நீ வரலன்னா பழத்த யாரு வெக்கறது, நானா?"

இப்போது "புது மோட்டாரா?" என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி, ஆமாம் என்று சொல்கிறவர்களுக்கு எண்ணெயோடு ஒரு எலுமிச்சம்பழமும் தருகிறேன், மோட்டார் நன்றாக ஓடினால் அவர்கள் நன்றி சொல்வது பழத்துக்குத்தான்.