பலாலியில் திறந்த சூட்கேஸ்

போன வருஷம் ஆனி மாதம், பலாலி விமான நிலையத்தில் நடந்தது இது. சென்னையில் ஒரு சொஃப்ட்வெயார் கம்பனியில் ஆறு கிழமை இன்டர்ன்ஷிப் கிடைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிளேன் ஏறப் போன நாள். ஏறுவதற்கு முதலே எனக்குப் பாதிச் சீவன் போய்விட்டது.

மெயில் வந்த அன்று நான் போட்ட சீன் கொஞ்சநஞ்சமில்லை. ஸ்டேட்டஸ் போட்டேன், ஸ்டோரி போட்டேன், கம்பஸ் கன்ரீனில் எல்லோருக்கும் ரீ வாங்கிக் கொடுத்தேன். எங்கள் ஒழுங்கையில் நிற்கிற நாய்க்கு மட்டும்தான் சொல்லவில்லை. பெரிய ஆள் மாதிரி நடந்து திரிந்தேன். அந்தக் கெத்தெல்லாம் வெளியில்தான். விசா கையில் வந்த பிறகு இரவில் நித்திரை வரவில்லை. பிளேன் ஆடுமாமே என்று ஒரு பயம். தெரியாத ஹொஸ்ரலில் யாரோடு ஒரே அறையில் தங்குவது என்று ஒரு பயம். மீற்றிங்கில் எழும்பி இங்கிலீசில் கதைக்கச் சொன்னால் என்ன செய்வது என்று இன்னொரு பயம்.

மானிப்பாயில் இருக்கிற என் சினேகிதி அதற்கு முதல் வருஷம் சென்னைக்குப் போய் வந்தவள். அவளிடம் ஆறுதல் கேட்கப் போனால், வாயைத் திறந்து ஒரு சொல் சொன்ன உடனேயே எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு அகதி முகாமில் இருந்து வந்தாயா, போலீசில் பதிந்தாயா என்று கேள்வி மேல் கேள்வி வரும் என்று இன்னும் நாலு பயத்தைக் கட்டிக் கையில் தந்துவிட்டாள். கடைசியாக ஒன்று சொன்னாள்.

"ஆர் என்ன கேட்டாலும் முழிக்காதை. டக்கெண்டு மறுமொழி சொல்லு. முழிச்சியோ, உனக்கு மேலைதான் சந்தேகம் வரும்."

அதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொண்டேன். அதுதான் பிறகு என்னை என் வாயாலேயே கெடுத்தது.

எங்கள் வீடு குருநகரில், கடற்கரையோடு. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தியா என்றால் படம், பட்டுச் சேலை எல்லாம் பிறகுதான். முதலில் ஞாபகம் வருவது மறியல், ஜெயில். பெரியப்பாவின் மகன், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், கடலில் வள்ளத்தின் எஞ்சின் பழுதாகி இழுபட்டு எல்லை தாண்டிப் போய்ப் பிடிபட்டு, அங்கே ஜெயிலில் மாதக்கணக்காகக் கிடந்து வந்தவர். அவர் திரும்பி வரும்வரை பெரியம்மா சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் நான் சென்னை என்று சொன்னதும் அம்மாவின் முகம் செத்துவிட்டது. போகவேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கோயிலில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினா, அவ்வளவுதான். அம்மா ஏதாவது சொல்லிப் பேசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அப்பாவுக்கு இந்தப் பயம் ஒன்றும் இல்லை. அவருடைய கவலையே வேறு. எங்கள் ஆட்கள் புதிதாக வள்ளமும் வலையும் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டியிடம் தொழிலுக்குப் போவதென்றால் முதல் நாள் அவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டார்கள். தன் கையால் பிடித்ததில் நல்லது ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்துத்தான் தொழில் தொடங்குவார்கள். அப்பாவின் கணக்கில் சென்னைக் கம்பனியின் பெரியவரும் ஒரு சம்மாட்டிதான். அவருக்கு என்ன கொண்டுபோகிறாய் என்று சாப்பிடும்போதெல்லாம் கேட்டார்.

"அப்பா, அவை மெயிலிலை எடுத்தவை. மீன் குடுத்து வேலை கேக்கிற இடமில்லை உது," என்றேன் நான்.

"மெயில் அனுப்பினதும் ஒரு மனிசன்தானே, பிள்ளை?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெட்டியில் கருவாடு மணந்தால் ஹொஸ்ரலில் என்னை ஒருத்தியும் கிட்ட எடுக்கமாட்டாள், வைத்தால் அப்படியே தூக்கி எறிவேன் என்று சொன்னேன். கருவாடு வைக்கமாட்டேன் என்று அப்பா ஒத்துக்கொண்டார். பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் அம்மாவும் நானும் சூட்கேஸ் அடுக்கினோம். உடுப்பு, மிளகாய்த்தூள், பனங்கட்டி, லப்டொப் வயர்கள். நிறை கூடினால் ஏற்றமாட்டார்களே என்று நான் பதறினேன். மீன் நிறுக்கிற தராசில் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று அப்பா பெட்டியைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் வைத்துக் கடற்கரையில் மீன் வைக்கிற வாடிக்குக் கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து நிறை சரி என்றார். சூட்கேசை மீன் தராசில் நிறுத்துப் பார்த்த கதையை சினேகிதிக்கு வொய்ஸ் மெசேஜில் சொல்லி நானும் அவளும் சிரித்தோம். பெட்டியைத் திரும்பத் திறந்து பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அடுத்த நாள் பலாலி வாசலில் அம்மா என் நெற்றியில் சிலுவை போட்டா. அப்பா பெட்டியைக் கதவு வரைக்கும் இழுத்து வந்து தந்தார். உள்ளே போனேன். பெட்டியை ஸ்கானர் பெல்டில் வைத்துவிட்டு, இதற்குப் பிறகு பிளேன்தான் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெல்ட் நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் பெட்டியைப் பின்னால் எடுத்து இன்னொரு தரம் விட்டார். திரும்பவும் நின்றது. பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்குச் சிங்களம் அரைகுறை. அந்த நேரம் அந்த அரைகுறையும் ஓடிவிட்டது.

சீருடை போட்ட ஒரு அம்மா வந்தா. நடுத்தர வயது, சிங்களவர், தமிழ் படித்துப் பழகியவர் என்று கதையிலேயே தெரிந்தது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பது போலக் கதைத்தா. என்னையும் பெட்டியையும் ஓரத்தில் இருந்த மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனா. வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

"இது யார் அடுக்கினது?"

சினேகிதி சொன்னது ஞாபகம் வந்தது. டக்கென்று சொன்னேன். "நான்தான்."

என் சுரிதார்களுக்கு நடுவில் கை விட்டு ஒரு பனையோலைப் பெட்டியை வெளியே எடுத்தா. நான் அதற்கு முதல் அதைக் கண்டதேயில்லை. நைலோன் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. அந்த முடிச்சை எனக்குத் தெரியும். வலை பொத்தும்போது அப்பா போடுகிற முடிச்சு.

"இதுக்குள்ள என்ன?"

அடுக்கினது நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் நிற்கிறேன். பிடிபட்ட கள்ளியின் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் என் முகம் இருந்திருக்கும்.

நூலை வெட்டி மூடியைத் திறந்தா. வெள்ளைத் துணியில் சுற்றி, ஒரே அளவாகத் தெரிந்தெடுத்து, கரிய தடித்த விரல்களை அடுக்கி வைத்தது போல. கடலட்டை. கடலின் அடியில் மணலில் கிடக்கிற உயிர். அப்பா களப்புக் கடலில் வலை அடைத்துப் பண்ணையாக வளர்க்கிறார். அவித்து, உப்பிட்டு, காயவைத்து விற்பது; முழுக்கச் சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும்தான் போகிறது. அது அவ்வளவு பெறுமதி என்பதால் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு நாளும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. அப்பாவிடம் இருப்பதிலேயே மேலான சாமான் அது.

அதே அட்டை அந்தக் கரையில், இந்தியாவில், புலித்தோல் மாதிரி. பிடித்தாலும் வைத்திருந்தாலும் வனவிலங்குச் சட்டத்தில் ஜெயில். ராமேஸ்வரம் பக்கம் அட்டையோடு பிடிபட்டவர்களின் படம் கிழமைக்கு ஒரு தரமாவது என் ஃபோனில் வரும். இங்கேயிருந்தும் அனுமதி இல்லாமல் கொண்டுபோக முடியாது. அந்தப் படங்களில் அட்டையை நிலத்தில் பரப்பி, பின்னால் ஆட்களைத் தலை குனிந்து நிற்க வைத்திருப்பார்கள். என் தலையை அங்கே வைத்துப் பார்த்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. அப்பாவின் பெயர் வெளியில் வந்தால் பண்ணை அனுமதியைப் பறிப்பார்கள். எங்கள் வீட்டுச் சோறே அதில்தான் இருக்கிறது. அவரைக் கூட்டிக்கொண்டு போனால் வாசலில் நிற்கிற அம்மா அங்கேயே விழுந்துவிடுவா.

"என்ரைதான் மிஸ்," என்றேன். "அப்பாவுக்கு ஒண்டும் தெரியாது."

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தா. அப்பாவைப் பற்றி அதுவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பா வெளியில நிற்கிறாரா?"

என் வாயே அப்பாவைக் காட்டிக் கொடுத்துவிட்டது. ஆளை அனுப்பிக் கூப்பிட்டார்கள். நான் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார் போல, அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். மேசையில் ஓலைப்பெட்டி திறந்து கிடப்பதைக் கண்டார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"பிள்ளைக்குத் தெரியாது, மிஸ். நான்தான் வைச்சனான்."

ஸ்கானர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற அதிகாரியும் வந்து, யாருக்கு விற்க என்று கேட்டார். அவர் கையில் ஏற்கெனவே டெலிபோன் இருந்தது. விற்கிறதற்கு இல்லை, மகள் வேலை பழகப் போகிற இடத்துப் பெரியவருக்கு மரியாதைக்கு என்று அப்பா சொன்னார். அந்த ஆள் நம்பவில்லை. எனக்கே அந்தக் கதை அந்த மேசைக்கு முன்னால் பச்சைப் பொய் மாதிரித்தான் கேட்டது. அங்கே பிடிக்கிறதுக்குத்தான் தடை என்று தான் நினைத்ததாகவும், இது எங்கள் கடலில் வளர்த்தது, கள்ளச் சாமான் இல்லை என்றும் அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. "ஐயா, அங்க இறங்கினா எந்தக் கடல் என்று கேட்கமாட்டாங்க. உங்க மகளைத்தான் கேட்பாங்க."

அப்பா மேசை விளிம்பைப் பிடித்தார். காற்றுக் கிளம்பிய கடலில், கண் தெரியாத கலங்கல் தண்ணீரில் மூழ்கி அடைப்பு வலை சரிபார்த்துவிட்டு வந்து பகிடி விடுகிற ஆள். அவர் அப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்று நான் அதற்கு முதல் பார்த்ததில்லை.

"பிள்ளையை விடுங்கோ, மிஸ். என்னை வைச்சிருங்கோ," என்றார்.

மற்ற அதிகாரி சிங்களத்தில் கடுகடுப்பாக ஏதோ சொன்னார். அந்த அம்மா மெதுவாகத் திருப்பிச் சொன்னா. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தர்க்கப்பட்டார்கள். நான் அப்பாவைப் பார்க்கவில்லை, அப்பா என்னைப் பார்க்கவில்லை. டெலிபோனைத்தான் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அந்த ஆள் அதை வைத்துவிட்டு ஸ்கானருக்குத் திரும்பிப் போனார்.

அந்த அம்மா துணியை மடித்து மூடியைப் போட்டு, ஓலைப்பெட்டியை அப்பா பக்கம் தள்ளினா. மகள் இன்னும் செக்-இன் கவுண்டர் தாண்டவில்லை, தாண்டியிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றா. பிறகு என் பக்கம் திரும்பி, பெட்டியில் இருக்கிற எல்லாவற்றையும் வெளியே எடுத்து நானே திரும்ப அடுக்கவேண்டும் என்றா. வரிசையில் நிற்கிறவர்களுக்கு முன்னால் என் உடுப்பு, மிளகாய்த்தூள், செருப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, தடவிப் பார்த்து வைத்தேன். வெட்கம் ஒன்றும் வரவில்லை. வெட்கப்படுவதற்குப் பயம் இடம் விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா ஓலைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து போனார். திரும்பிப் பார்க்கவேயில்லை.

பிளேன் ஆடியதா என்று கேட்டால் தெரியாது. சென்னையில் பெல்டில் இருந்து வந்த பெட்டியைத் தனியாக எடுத்து வைத்துத் திறக்கச் சொன்னார்கள். மிளகாய்த்தூளைக் கண்டிருப்பார்கள் போல. அங்கே இருந்தவர் கை விட்டது சரியாக என் சுரிதார்களுக்கு நடுவில். ஒன்றும் இல்லை, போகலாம் என்றார். நான் பெட்டியை மூடிக்கொண்டு நேரே பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

ஆறு கிழமை நல்லபடியாகப் போனது. ஹொஸ்ரல், மீற்றிங், இங்கிலீசு எல்லாம் சமாளித்தேன், அதெல்லாம் ஒரு கதையே இல்லை. அம்மாவுக்கு இன்றுவரைக்கும் விசயம் தெரியாது. கம்பனிக்காரர் மரக்கறிதான் சாப்பிடுவாராம், அதனால் திருப்பிக் கொண்டு வந்தேன் என்று அப்பா அம்மாவிடம் கதை விட்டிருக்கிறார்.

சென்னை பயமாக இருந்ததா என்று இப்பவும் கேட்கிறார்கள். இல்லை என்று சொன்னால், பார், எவ்வளவு துணிந்த பெட்டை என்கிறார்கள். ஆனால் எந்தப் பயணத்துக்கும் முதல் நாள் நான் பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டுவேன். அப்பா கேட்காமலே வந்து பக்கத்தில் இருந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார். ஏன் என்று இரண்டு பேரும் கதைப்பதில்லை, ஆனால் அவருக்கு நானும் எனக்கு அவரும் எவ்வளவு பெறுமதி என்று எங்கள் இரண்டு பேருக்கும் பலாலியில் அந்த மேசைக்கு முன்னால் தெரிந்துபோய்விட்டது.