ஜீப்பில் அண்ணன் அடித்த எண்

என் அண்ணன் சிவனணைந்தபெருமாளுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. அதில் இருபத்தாறு வருடம் செங்கோட்டைப் பக்கம் ஒரு மர டெப்போவில் வேலை பார்த்தான். மலையாளத்துப் பக்கமிருந்து லாரியில் தேக்கும் அயனியும் தடிதடியாக வந்து இறங்கும். அவற்றைச் சங்கிலி போட்டு ஜீப்பில் இழுத்து அடுக்குவான். ஒவ்வொரு தடியின் வெட்டு முகத்திலும் இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் எண் அடிப்பதும் அவன் வேலைதான். முனை வெடித்த தடியென்றால் அந்தத் துண்டை அறுத்து எறிந்துவிட்டு, புது முகத்தில் அதே எண்ணை மறுபடி அடித்துவிட வேண்டும். எண் இல்லாத தடி கண்ணில் பட்டால் வனத்துறைக்காரர்கள் திருட்டுத் தடி என்று எழுதிவிடுவார்கள். அண்ணன் இருந்தவரை எண் இல்லாமல் ஒரு தடி வெளியே போனதில்லை. இதை அவன் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் அம்மா இறந்தபோது வீட்டுக்கு வந்த முதலாளி சொன்னார்.

முதலாளியும் போன பிறகு டெப்போவை மூடிவிட்டார்கள். அவர் மகன் அந்த ஜீப்பையும் ஆர்.சி. புத்தகத்தையும் அண்ணனிடமே கொடுத்தான். தொண்ணூறாம் வருட டீசல் வண்டி. இலத்தூர் விலக்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அதை நிறுத்தினோம். ஒன்றரை வருடம் நின்றது. கோவைக்கொடி முன்சக்கரத்தில் ஏறி ஸ்டியரிங் வரைக்கும் போய்விட்டது. அண்ணனுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. அண்ணன் மனைவி நிர்மலா மைனி பீடி சுற்றுவதிலும் நான் ஜாக்கெட் தைப்பதிலும் வீடு ஓடியது.

போன வருடம் தை மாதம் பெர்சிஸ் என்கிற அம்மா வீடு தேடி வந்தார். மேக்கரைக்கு மேலே மலைச்சரிவில் கிராம்பும் மிளகும் போட்ட எஸ்டேட் ஒன்றை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். உட்காரச் சொன்னதற்கு உட்காராமல் நேரே வீட்டுப் பின்னால் போய் ஜீப்பைப் பார்த்தார்.

“ஆளும் உரமும் மேல போகணும், மிளகு கீழ வரணும். சாரல் நேரத்துல டிராக்டர் ஏறாது. இது ஏறுமா?”

“ஏறும்மா.”

“பேப்பர் இருக்கா?”

“முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு. எடுத்துரலாம்.”

“ஜூன் ஒண்ணாந்தேதிக்குள்ள எடுத்துட்டு வாங்க, வருசம் பூரா வேலை இருக்கு. செக்போஸ்ட்ல பேப்பர் இல்லாம விடமாட்டாங்க. அதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது.”

அன்று சாயங்காலமே அண்ணன் கொடியை அறுத்து எறிந்தான். அவன் விசில் அடித்ததை ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன்.

எதையும் புதிதாக வாங்க வழியில்லை. கடையநல்லூரில் உடைத்துப் போட்டிருந்த மினி பஸ்ஸிலிருந்து ஸ்பிரிங் பட்டைகளைக் கொண்டுவந்து சேர்த்து வண்டியை நான்கு விரல் உயர்த்தினான். பழைய டயர் நான்கும் சிவகிரியில் கிடைத்தன. ஓட்டை விழுந்த தரைக்கு எண்ணெய் டிரம்மை வெட்டித் தட்டிப் போட்டான். ஓடையில் இறங்கினால் தண்ணீர் உள்ளே போகாமலிருக்க, தெருவில் கழற்றிப் போட்ட அடிபம்புக் குழாயை வெட்டி ஒட்டி, புகைக்குழலைக் கூரை உயரத்துக்கு ஏற்றினான். மேல்கூரைக்கு லாரித் தார்ப்பாயை நான்தான் தைத்தேன். என் மிஷினில் ஏழு ஊசி உடைந்தது.

எதிர்வீட்டு மணிமுத்து அண்ணாச்சி போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் சுருட்டோடு வந்து நிற்பார்.

“ஏலே பெருமாளு, அடிபம்பையுமா கட்டிக்கிட்டே? மேல தண்ணி இல்லேன்னா அடிச்சுக் குடிக்கவா?”

“நீங்களும் வாங்கண்ணாச்சி. பக்கத்துல உக்காந்து சுருட்டு பிடிங்க. ரெண்டு புகையும் ஒண்ணா போகட்டும்.”

“ஒன் வண்டி பொகைக்கு என் சுருட்டு எம்புட்டோ தேவல.”

மாசி கடைசியில் அண்ணன் அடிச்சட்டத்தில் கை வைத்தான். முன்னால் வலது பக்கம், சக்கரத்துக்கு உள்புறம், இரும்பு அழுகிப்போயிருந்தது. விரலால் குத்தினால் உள்ளே போனது. வண்டிக்கு ஆலையில் அடித்த சேசிஸ் நம்பர் இருந்ததும் அந்த இடத்தில்தான். அதை வெட்டி எடுத்துவிட்டு, உடைந்த லாரி ஒன்றிலிருந்து அதே தடிமனில் ஒரு தகட்டை வெட்டி வைத்து, வெல்டிங்காரரைக் கொண்டு ஒட்டினான். வெட்டிய துண்டு மற்றத் துருவோடு சேர்ந்து பழைய இரும்புக்காரர் சைக்கிளில் போய்விட்டது. அதைக் கோணியில் அள்ளிக் கொடுத்தது நான்.

மறுநாள் அண்ணன் என்னைக் கூப்பிட்டான். டெப்போவில் வைத்திருந்த எண் அச்சுகளும் எழுத்து அச்சுகளும் கையில் இருந்தன.

“ஏட்டி ஆவுடை, ஆர்.சி. புக்க எடுத்துட்டு வா. நம்பர வாசி.”

“இத்தன வருசம் ஓட்டுத, மறந்துட்டியாண்ணே?”

“மறக்கல. ஒராள் பாத்து வாசிக்கணும், ஒராள் அடிக்கணும். டெப்போல அப்பிடித்தான்.”

நான் மண்ணில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிவிட்டு அடித்தான். ஒரு எழுத்துக்கு ஒரே அடி. இரண்டாவது அடி விழுந்தால் எழுத்து இரட்டையாகிவிடும் என்றான். சாக்பீஸால் கோடு போட்டு அதன் மேல் அடித்ததால் எல்லாம் வரிசையாக நின்றன. முடித்ததும் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் துடைத்தான். நான் புத்தகத்தோடு வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றேன். எண் இல்லாமல் விட்டால்தான் தப்பு என்று இருவரும் நினைத்தோம். வேறு எதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

வைகாசி பிறந்து இரண்டு நாள் கழித்து யாசர் வந்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் காரியங்களைச் செய்து கொடுக்கிறவன். கூரை உயரக் குழலைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“அண்ணாச்சி, இந்தக் காட்டு வேஷத்தோட வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க. எல்லாத்தையும் கழட்டிட்டு வீட்டு வேஷத்துல வாங்க. பேப்பர் கைக்கு வந்த பொறவு நீங்க என்னத்தையும் மாட்டிக்கிடுங்க.”

விண்ணப்பத்தில் ஒட்டுவதற்குச் சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டுமாம். வண்டிக்கடியில் படுத்தவன் பென்சிலை வைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

“இத யாரு அடிச்சா?”

“நான்தான். பழசு அழுகிட்டு.”

“போச்சு. இத நீங்க அடிக்கக் கூடாதுண்ணாச்சி. ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து, அவங்க அனுமதி தந்து, அவங்க சொல்லுத எடத்துல அடிக்கணும்.”

“நம்பரு அதேதானடே.”

“நம்பரு அதேதான். கை வேறல்லா.”

இப்போது எழுதிக் கொடுத்தால் எப்போது வரும் என்று அண்ணன் கேட்டான். மூன்று மாதமோ ஆறு மாதமோ, பழைய துண்டு இருந்தால் சீக்கிரம் முடியும் என்றான் யாசர். அண்ணன் அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனான். சித்திரையிலேயே அந்த லோடு உருக்காலைக்குப் போய்விட்டது. ஜூன் ஒன்றுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

“ஒரே வழிதான்,” என்றான் யாசர். “அதுக்கு மேல கிரீஸையும் சகதியையும் பூசி விடுங்க. குனிஞ்சு பாத்தாலும் பழசு மாதிரி தெரியும். கேட்டா நீங்க வாயத் தொறக்காதீங்க. நான் பேசிக்கிடுதேன்.”

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பூசினான். பூசிய பிறகு கையை மண்ணெண்ணெய் விட்டு ரொம்ப நேரம் கழுவினான்.

உயரக் குழலையும் கூடுதல் ஸ்பிரிங் பட்டைகளையும் கழற்றி வைத்துவிட்டு, மே இருபத்தாறாம் தேதி வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோனோம். காட்டி முடித்ததும் அப்படியே ஆய்க்குடி முருகன் கோயிலுக்குப் போய்ப் பூஜை போட வேண்டும் என்று மைனி சொன்னதால் நாங்கள் இருவரும் பின்னால் ஏறிக்கொண்டோம். மைனி மடியில் மாலையும் தேங்காயும் எலுமிச்சம்பழமும் இருந்தன.

பார்க்க வந்த அதிகாரி சின்ன வயதுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். விளக்குகளைப் போடச் சொன்னார். ஓட்டிக் காட்டச் சொல்லி, நடுவில் கையைத் தட்டினார். வண்டி அந்த இடத்திலேயே நின்றது.

“பிரேக் யார் பார்த்தது?”

“நான்தான் சார்.”

“நல்லா இருக்கு. அடியில இந்த வெல்டிங்?”

“வெல்டிங் ஒட்டுனது வேற ஆளு சார். தகடு வெட்டி வச்சது நான்தான்.”

அதிகாரி குனிந்து ஒரு துணியால் சகதியைத் துடைத்தார். அவர் முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. யாசர் அண்ணனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான்.

“முப்பத்தஞ்சு வருச வண்டியில நம்பர் இவ்வளவு சுத்தமா இருக்கே,” என்றார் அதிகாரி.

“அதுவும் நான்தான் சார்,” என்றான் அண்ணன்.

அவன் முகத்தை நான் பார்த்தேன். தெரியாமல் வாயில் வந்ததல்ல. தன் வேலை நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னதற்கு அவன் பதில் சொன்னான்.

அதிகாரி நிமிர்ந்தார். அண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். டெப்போ, தடி, முனை அறுத்தால் மறுபடி எண் அடிப்பது, தங்கச்சி வாசித்தது. அவர் முழுவதையும் கேட்டார்.

“நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா பார்த்துட்டு பார்க்காத மாதிரி எழுத என்னால முடியாது. திருட்டு வண்டியில இப்படித்தான் செய்வாங்க.”

வண்டி அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. சாவியையும் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் பஸ்ஸுக்கு நின்றோம். யாசரும் நின்றான்.

“ஒரே ஒரு வார்த்த. அத வாய்க்குள்ள வச்சிருந்தா இந்நேரம் தேங்கா ஒடச்சிருப்பீய.”

“அவரு நல்லபடியா கேட்டாருடே.”

“நல்லபடியா கேட்டா சொல்லிருவீயளோ?”

அண்ணன் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். மைனி அன்று முழுவதும் அவனிடம் பேசவில்லை. மறுநாள் காலையில் மாலையை மாட்டுக்குப் போட்டாள்.

ஜூன் ஒன்றாம் தேதி அண்ணன் தானே மேக்கரைக்குப் போய்ப் பெர்சிஸ் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான். பத்து நாள் பார்க்கிறேன் என்று அவர் சொன்னாராம். பதினோராம் நாள் புளியரையிலிருந்து வேறொரு ஜீப் மேலே ஏறத் தொடங்கியது. அவர்மேல் எங்களுக்குக் குறை இல்லை.

மணிமுத்து அண்ணாச்சி அதற்குப் பிறகு கேலி பேசவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அண்ணனோடு ஸ்டேஷனுக்கு நடந்தார், வக்கீலிடம் நடந்தார். முதலாளி மகன் வந்து, இது எங்கள் டெப்போ வண்டி, நான்தான் கொடுத்தேன் என்று எழுதிக் கொடுத்தான். ஜீப்பைக் கொடுத்தான் என்பதற்கு அது போதும், இந்த ஜீப்தான் அந்த ஜீப் என்பதற்குப் போதாது, இன்ஜின் நம்பர் சரியென்றாலும் இன்ஜினைக் கழற்றி மாட்டலாமே என்று சொல்லிவிட்டார்கள். தகட்டைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடத்திலிருந்து ஆள் வந்தார்.

அந்தச் சாரல் மழைக்காலம் முழுவதும் ஜீப் ஸ்டேஷன் வளாகத்தில் பிடிபட்ட மணல் டிராக்டர்களுக்கு நடுவில் நின்றது. அண்ணன் சனிக்கிழமைதோறும் போய்த் துடைத்துவிட்டு வருவான். ஒரு தடவை நானும் போனேன். நான் தைத்த தையல் வழியாகத் தண்ணீர் இறங்கி, இருக்கையில் காளான் முளைத்திருந்தது. ஆவணியில் பேட்டரியைக் காணவில்லை. அண்ணன் யாரிடமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவன் வீட்டிலேயே இருந்தான்.

அறிக்கை கார்த்திகையில் வந்தது. அதை அண்ணாச்சிதான் வாசித்தார். இந்த எண் ஆலையில் அடித்தது அல்ல என்று இருந்தது. இதற்கு அடியில் வேறு எண் எதுவும் இருந்ததற்கான தடயம் இல்லை என்றும் இருந்தது.

அண்ணன் எழுந்தே விட்டான். “பாத்தியளா அண்ணாச்சி, வேற நம்பரே இல்லேன்னு போட்டிருக்கான். அப்பொ நான் சொன்னது சரிதான?”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். “உக்காருலே. நீ மாத்தி அடிச்சேன்னும் அவன் சொல்லல, நீ சொல்லுதது நெசம்னும் சொல்லல. தகடு புதுசு, அதுக்குள்ள என்ன இருக்கும்? பழைய நம்பரு இருந்த இரும்பு இருந்தாத்தான் இது ஒன் வண்டி. அது உருகிப் போச்சுல்லா.”

“அப்பொ என் வண்டி எங்க இருக்கு?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

வண்டியைத் திருப்பிக் கேட்டுப் போட்ட மனு கோர்ட்டிலும் நிற்கவில்லை. அண்ணன் இப்போது குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்கிறான். விசிலை ஊதிக்கொண்டு, வருகிற கார்களைப் பின்னால் வா வா என்று கூப்பிட்டு நிறுத்துகிறான். வெளியூர்ப் பையன்கள் பெரிய டயரும் உயரக் குழலும் வைத்த பளபளக்கிற ஜீப்புகளில் வருவார்களாம். அவர்கள் குளிக்கப் போனதும் குனிந்து அடியில் பார்ப்பதாக மைனியிடம் சொல்லியிருக்கிறான். என்ன பார்க்கிறான் என்று மைனி கேட்கவில்லை.

போன வாரம் ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள். நிற்கிற வண்டிகளையெல்லாம் எடைக்கு ஏலம் விடப் போகிறார்களாம். அண்ணன் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அவன் மறுக்கலாம், அப்படியும் போகும், கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போனான். காகிதத்தை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

“உள்ள உங்க சாமான் ஏதாவது இருந்தா எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி,” என்றார் ஒரு இளம் காவலர்.

அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஒன்றும் இல்லை என்றான். ஆனால் கிளம்பாமல் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றான்.

“தம்பி, அத சும்மா சாவியத் திருகுனா ஸ்டார்ட் ஆகாது. ஹீட்டர் பட்டனை அமுக்கிக்கிட்டு முப்பது வரைக்கும் எண்ணணும். மழக்காலம்னா நாப்பது.”

“இது கிரேன்ல தூக்கிட்டுப் போறதுண்ணாச்சி. யாரு ஸ்டார்ட் பண்ணப் போறா?”

“சரி. பாதியில விட்டுட்டுத் திருகுனா மோட்டார் போயிரும். அதுக்குத்தான் சொல்லுதேன்.”

காவலர் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வண்டிக்காரரின் பெயரைக் கூப்பிட்டார்.