மதிலுக்கு வெளியே பீட்டர் மெக்காலம்

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் பார்க்கப் போன சவாரிக்காரர்களுக்காகக் காத்திருந்தேன். பின் சக்கரத்துக்குக் காற்று போதுமா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என் மகள் கலாவின் போன் வந்தது.

"நைனா, வண்டி ஓட்டிகினு கீறியா?"

"இல்லம்மா, நின்னுகினு கீறேன்."

"அப்ப அப்டியே ஓரமா குந்து."

குந்து என்று அவள் சொன்னபோதே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. "மாமா பூட்டாரு நைனா. காலையில நாஸ்தா துன்னுட்டுக் கை கழுவப் போனாரு. அப்டியே சாஞ்சிட்டாரு."

மாமா என்று அவள் சொன்னது அவளுடைய மாமனாரை, அதாவது என் சம்மந்தியை. எங்கள் வேன் ஓட்டுநர்களுக்கெல்லாம் அவர் கடப்பாக்கம் பீட்டர். லைசென்சில் பீட்டர் மெக்காலம்.

சங்கத்தில் நினைவு மலர் போடுகிறோம், கூடவே சுற்றியவன் நீதான், நீயே எழுது என்றார்கள். நான் ஒன்பதாவது வரை படித்தவன். பத்தாவது என்று வெளியே சொல்லிக்கொள்வது பரீட்சை ஹால் வரை போன தைரியத்தில். உயிரோடு இருந்தவரை அவரை "இன்னா மச்சான்", "எங்கடா பூட்ட" என்றுதான் கூப்பிட்டேன். இப்போது அவர், இவர் என்று நான் எழுதுவதைப் பார்த்தால் பெட்டிக்குள்ளிருந்தே சிரிப்பார். சிரிக்கட்டும். மலரில் மரியாதையாகத்தான் எழுத வேண்டுமாம்.

அவர் எங்கள் ஸ்டாண்டுக்கு முதல்முதலில் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பெயர் எழுதிக்கொண்ட அப்போதைய தலைவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எதிரே நிற்கிற ஆள் என்னைவிட ஒரு படி கூடுதல் கருப்பு. கண் மட்டும் பூனைக்கண்.

"இன்னாய்யா பேரு இது, இங்கிலீசு மருந்து மாதிரி?"

"பாட்டனுக்குப் பாட்டன் வுட்டுட்டுப் போனது அண்ணாத்த. நெலம் அவரு மவனுக்கு, பேரு எங்களுக்கு."

எல்லாரும் சிரித்தோம். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனிக்காரன் காலத்தில் ஸ்காட்லாந்திலிருந்து மெக்காலம் துரை என்று ஒருவர் கடப்பாக்கம் கரைக்கு வந்தார். அவுரித் தொட்டி கட்டி நீலம் எடுத்தார், மணலில் சவுக்கு நட்டார். அந்த இடத்துக்கு இன்றும் துரைத்தோப்பு என்றுதான் பெயர். ஸ்காட்லாந்து ஊரில் அவருக்குப் பெண்டாட்டியும் ஒரு மகனும் இருந்தார்கள். இங்கே அவுரித் தொட்டியில் இறங்கி மிதித்த கூலிக்காரப் பெண் அஞ்சலை. அவளுக்கும் துரைக்கும் பிள்ளைகள் பிறந்தன. துரை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். ஊரிலிருந்த மகன் தோப்பை விற்று, அந்தக் காசில் கப்பலேறி நியூசிலாந்து போய்க் காட்டை வெட்டிக் குடியேறினார். அங்கே அவர்கள் பேர் பெற்ற முன்னோடிக் குடும்பமாம்.

அஞ்சலை பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமும் துரை பெயரும் கிடைத்தன. அஞ்சலை ஞானஸ்நானம் வாங்கவில்லை. அதனால் துரைக்கு மதில் கட்டிய கல்லறைத் தோட்டம், அவளுக்கு மதிலுக்கு வெளியே மணல் மேடு. தலைமாட்டில் இடிந்த அவுரித் தொட்டியின் செங்கல்லை நட்டு வைத்திருக்கிறார்கள். "வேலைக்கு உள்ள கூப்டாங்க, பொதைக்கறப்ப வெளிய அனுப்பிட்டாங்க" என்பார் பீட்டர்.

என் மகள் கலாவும் அவர் மகன் ஸ்டீபனும் ஒருவரையொருவர் விரும்பியபோதுதான் இந்த வம்சக் கதை என் வீட்டுக்குள் வந்தது. எனக்கு அச்சரப்பாக்கம் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம். என் அண்ணன் எகிறிக் குதித்தார். "நம்ம பொண்ண எங்க குடுக்கிற, தெரிஞ்சுதான் குடுக்கிறியா?" என்றார். நிச்சயதார்த்தத்துக்கு வரமாட்டேன் என்றவர், யாரோ துரை கதையைச் சொல்லவும் புது வேட்டி கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்தார். கூட வந்த சொந்தக்காரர்களிடம், "மாப்ள வூடு ஸ்காட்லாந்து துரை வம்சம், கண்ணப் பாரு தெரியும்" என்று அவரே விளம்பரம் செய்துகொண்டிருந்தார்.

பீட்டர் காப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"அண்ணாத்த, துரை வந்தாரு, போனாரு. பெத்துப் பாலு குடுத்து, கூலி வேலை செஞ்சு எங்களைக் கரையேத்தினது அஞ்சலை. சேரிப் பொண்ணு. நாங்க அஞ்சலை வம்சம். அந்த வம்சத்துக்குப் பொண்ணு குடுக்கறதுன்னா குந்துங்க. காப்பி ஆறுது."

அண்ணன் உட்கார்ந்தார். காப்பியைத் தொடவில்லை. அது ஆடை கட்டிக்கொண்டே இருந்தது. நான் என் காப்பியையும் குடித்து அவர் காப்பியையும் எடுத்துக் குடித்தேன். கொள்கை, வீரம் எல்லாம் என்னிடம் அந்த அளவுக்குத்தான் உண்டு.

கல்யாணம் ஆகி கொஞ்ச காலத்தில் மார்கரெட் அம்மா வந்தார். நியூசிலாந்து மெக்காலம்களில் ஒருவர், வயதானவர், தன் முன்னோர்களைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர். மாமல்லபுரத்தில் ஓட்டல்காரர்கள் என் வண்டியைப் பிடித்துக் கொடுத்தார்கள். கடப்பாக்கம், மெக்காலம் சமாதி என்று அவர் சொன்னதும், அந்தப் பெயரில் ஒரு ஆளே இருக்கிறார் என்று பெருமையாகக் கூட்டிப் போனேன். இங்கிலீசுக்குக் கலாவைக் கூட்டிக்கொண்டோம்.

கல்லறைத் திருநாளுக்கு நம் பக்கம் சமாதிகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பது எல்லாருக்கும் தெரியும். பீட்டர் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து, துணிக்குப் போடுகிற நீலத்தைக் கொஞ்சம் கலந்து, வருஷம் தவறாமல் துரைக்கும் அஞ்சலைக்கும் அடிப்பார். அவர் அப்பாவும் அடித்தார், அவருக்கு அப்பாவும் அடித்தார். சுண்ணாம்பு தடித்துத் தடித்துத் துரையின் சமாதி பெரிய இட்லி மாதிரி ஆகியிருந்தது. கல்லில் ஓர் எழுத்துகூட வெளியே தெரியாது.

அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அழாத குறையாக ஏதோ சொன்னார். கலா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "கல்ல நாசம் பண்ணிட்டீங்கன்றாங்க மாமா. படிக்க முடியலயாம்."

பீட்டர் முகம் செத்துவிட்டது. "படிக்கறதுக்கா அடிச்சோம்? ஆளு வந்து பாத்துகினு கீறாங்கன்னு தெரியத்தான் அடிச்சோம்னு சொல்லும்மா" என்றார். கலா அதை எப்படிச் சொன்னாளோ, அந்த அம்மா தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

மாமல்லபுரத்திலிருந்து சிற்பி வந்து உளியால் சுண்ணாம்பைப் பெயர்த்தார். பாளம் பாளமாக விழுந்ததை யாரும் சொல்லாமலே பீட்டர் பொறுக்கி ஓரமாகக் குவித்தார். இனிமேல் சுண்ணாம்பு அடிக்கக் கூடாது என்று கலா மூலமாகச் சொல்லப்பட்டது. "சரி, இனிமே மொத்த சுண்ணாம்பும் அஞ்சலைக் கெழவிக்கே" என்றார் அவர்.

ஆனால் அந்த அம்மாவைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எச்சில் சோதனைக்கு ஒரு குழாய் கொடுத்தார், பீட்டர் துப்பிக் கொடுத்தார். ஊருக்குப் போன பிறகு, சொந்தம்தான் என்று முடிவு வந்துவிட்டதாகப் போனில் அழுதார். அடுத்த முறை வந்தபோது பீட்டரைக் கட்டிக்கொண்டார். குடும்ப மரம் என்று ஓட்டல் மேஜையில் பெரிய காகிதம் ஒன்றை விரித்தார். துரையிலிருந்து நியூசிலாந்துக்காரர்களுக்குப் போகிற கோடெல்லாம் நேர்கோடு. பீட்டருக்கு வருகிறது மட்டும் புள்ளிக்கோடு. நடுவில் அஞ்சலை இருக்க வேண்டிய இடத்தில் 'உள்ளூர்ப் பெண், பெயர் தெரியவில்லை' என்று இருந்தது.

"பேரு தெரியும்னு சொல்லு. அஞ்சலைன்னு சொல்லு" என்றார் பீட்டர்.

அத்தாட்சி ஏதாவது உண்டா என்று கேட்டார் அந்த அம்மா. எச்சிலைத் தவிர நம்மிடம் என்ன இருக்கிறது?

வரும் வழியில் வண்டியில் நான் பேச்சைத் தொடங்கத் தெரியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன். அவர்தான் பேசினார். "மச்சான், நாம ரோட்ல போறவங்க. ரோட்ல புள்ளிக்கோடு போட்டுக்கீதுன்னா இன்னா அர்த்தம்?"

"யார் வேணா தாண்டிப் போலாம்."

"அதான். எங்களத் தாண்டிப் போறதுக்குத்தான் அத்தப் போட்டுகீறாங்க."

துரை சமாதியைப் புதுப்பித்து, கருங்கல்லில் குடும்பப் பெயர்களை வெட்டி வைக்கப் போகிறோம் என்று அந்த அம்மா சொன்னபோது பீட்டர் கேட்டது ஒன்றே ஒன்று. தன் பெயர் வேண்டாம், அஞ்சலை பெயர் ஓர் ஓரத்தில் இருந்தால் போதும். கட்டாயம் செய்கிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார் மார்கரெட் அம்மா. மொழிபெயர்த்தவள் என் மகள். அதில் தப்பு நடக்கவில்லை.

கல் மாமல்லபுரத்துப் பட்டறையில்தான் தயாரானது. கொண்டுவந்து இறக்கியதும் பீட்டரின் வண்டியில்தான். மதிலோரம் நிறுத்தி, சாக்கைப் பிரித்து, கலா படித்துக்கொண்டே போனாள். துரை இருந்தார். இந்த மண்ணை மிதித்தே பார்க்காத அவருடைய ஊர்ப் பெண்டாட்டி இருந்தார். மகன் இருந்தார், அவர் பிள்ளைகள் இருந்தார்கள். கலா கடைசி வரிக்கு வந்து மறுபடியும் மேலே போனாள்.

"இல்லியா?" என்றார் பீட்டர்.

"இல்ல மாமா."

போனில் கேட்டதற்கு, குடும்பத்தில் எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை, வருந்துகிறேன் என்று பதில் வந்தது. பீட்டர் கல்லை நிறுத்திக் கொடுத்தார், சிமென்டு பூசினார், ஈரச் சாக்கும் போட்டார். வேலை முடிந்து மதில் மேல் உட்கார்ந்து எனக்கும் ஸ்டீபனுக்கும் சேர்த்துச் சொன்னார்: "நான் செத்தா என்னிய இந்தப் பக்கம் போடாதீங்க. அந்தப் பக்கம் போடுங்க. கெழவி தனியா கீது."

இப்போது அவர் இறந்த நாளுக்கு வருகிறேன். நான் சவாரிக்காரர்களை ஓட்டலில் விட்டுவிட்டுக் கடப்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் ஸ்டீபன் போனுக்கு நியூசிலாந்திலிருந்து சேதி வந்திருந்தது. குடும்பம் முழுவதும் கூடிப் பேசி முடிவெடுத்ததாம். பீட்டரை மதிலுக்குள், துரைக்குப் பக்கத்திலேயே புதைத்துக்கொள்ளலாமாம். இதை அவருக்குச் செய்யும் மரியாதையாக நினைக்கிறார்களாம்.

சாவு வீடு என்பதையே மறந்து எல்லார் முகமும் மலர்ந்துவிட்டது. என் அண்ணனும் வந்திருந்தார். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்காதவர். "இன்னாடா யோசன? துரை பக்கத்துல எடம் குடுக்கிறான். யாருக்குக் கெடைக்கும்?" என்றார். போதகரும் நல்ல மனிதர், எடுத்துச் சொன்னார். "வெளியே இருப்பது சபையின் மண் இல்லை தம்பி. சபை தள்ளி வைத்த ஆள் என்று நாளைக்கு ஊர் பேசும்."

ஸ்டீபன் உடைந்து போயிருந்தான். "மாமா, நீங்களும் கேட்டீங்க இல்ல. இன்னா பண்ணலாம் சொல்லுங்க" என்றான் என்னிடம். நான் தொண்டையைச் செருமினேன். செருமி முடிப்பதற்குள் கலா உள்ளிருந்து வந்துவிட்டாள்.

"உசுரோட கேட்டாரு, ஒரு பேரு வெட்ட மனசு வரல. செத்த பெறகு எடம் குடுக்கிறாங்களா? மாமா வெளியதான். குழி வெட்றவங்கள அனுப்புங்க." அப்புறம் என் அண்ணன் பக்கம் திரும்பினாள். "பெரிப்பா, காப்பி போட்டுகீறேன். இன்னிக்காவது குடிக்கிறீங்களா?"

அண்ணன் வேட்டி நுனியைச் சரி செய்துகொண்டார்.

அடக்கம் நடந்த விதம் இதுதான். பெட்டி வெளியே மணலில். போதகர் உள்ளே, மதிலை ஒட்டி நின்று, மதிலுக்கு மேலாக வேதத்தை வாசித்தார். பாதி வார்த்தையைக் கடல் காற்று கொண்டுபோனது. வந்தவர்களில் பாதிப்பேர் அவரோடு உள்ளே நின்றார்கள். என் அண்ணன் கருங்கல்லுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் கொஞ்சம் பேர் வெளியே நின்று மண்ணைத் தள்ளினோம்.

ஸ்டீபன் படம் எடுத்து மார்கரெட் அம்மாவுக்கு அனுப்பினான். பதில் வந்தது. கலா படித்துச் சொன்னாள்: எங்கள் குடும்பக் கல்லறையை இவ்வளவு காலம் அன்போடு பராமரித்தவரை இழந்து வருந்துகிறோம்.

"சொந்தம்னு ஒரு வார்த்த போட்டுகீறாங்களா, நல்லா பாரு" என்றேன். போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "இல்ல நைனா."

மூன்றாம் நாள் போய்ச் சுண்ணாம்பு கரைத்தோம். நீலம் போடுகிற அளவு எனக்குத் தெரியவில்லை, அதிகமாகப் போட்டுவிட்டேன். இரண்டு மேடும் வெளிர் நீலமாக, கல்யாண வீட்டுச் சுவர் மாதிரி இருக்கின்றன. எழுத்து எதுவும் இல்லை. அதனால்தான் எழுத வராதவன் இந்த மலருக்கு எழுத ஒத்துக்கொண்டேன். எந்தக் கல்லும் வாங்கிக்கொள்ளாத பெயர் இந்தக் காகிதத்திலாவது அச்சாகட்டும்: அஞ்சலை. அவள் வம்சத்தில் வந்தவர் பீட்டர்.

அடுத்த வாரம் நியூசிலாந்திலிருந்து இன்னொரு குடும்பம் துரை சமாதியைப் பார்க்க வருகிறது. என் வண்டியைத்தான் பேசியிருக்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பொழப்பு அப்படி. இறக்கிவிட்டுக் கதவைத் திறந்து விடுவேன், அவர்கள் உள்ளே போவார்கள்.

வண்டியை மட்டும் உன் பக்கம்தான் நிறுத்துவேன் மச்சான். போய்ட்டு வா.