கடலில் கழுவிய வலை

பிள்ளைகளே, கடலை விட்டபோது அப்பா அழுதாரா என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். அவ ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறா. உண்மையைச் சொன்னால் அழ நேரமிருக்கவில்லை. நாற்பத்தாறு வயதில் ஒன்றுமே தெரியாத இடத்தில் போய் நின்றால், இது என்ன, அது ஏன் என்ற கேள்விகள்தான் முதலில் வருகின்றன. கவலை பின்னால்தான் வரும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

தலைச்சுற்றால்தான் கடலை விட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். படகில் இரண்டு தடவை விழுந்தேன். மூன்றாவது தடவை வலையோடு சேர்ந்து தண்ணீருக்குள்ளேயே போய்விட்டேன். கூட வந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் காது பார்க்கும் டொக்டர், காதுக்குள்ளே கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, அதுதான் மனிதனை நிமிர்த்தி வைத்திருக்கிறது, உங்களுடையது பழுதாகிவிட்டது என்றார்.

"தரையிலை நடக்கலாம். பஸ்ஸிலை இருந்து போகலாம். ஆடுற இடத்திலை மட்டும் நிக்கக்கூடாது."

முப்பது வருடம் கடலில் நின்றிருக்கிறேன். காதுக்குள் தண்ணீர் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வரும் வழியில் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரித்துப் பார்த்தேன், சத்தம் ஏதும் கேட்கிறதா என்று. ஒன்றும் கேட்கவில்லை. தலைதான் சுற்றியது.

ஏழெட்டு மாதம் கரையில் சும்மா இருந்தேன். குருநகரில் சும்மா இருக்கிற ஆண்பிள்ளைக்கு மதவடியில் குந்தியிருந்து அரட்டையும் சீட்டுக்கட்டும்தான். அந்த நாட்களில் ஒருநாள் உரும்பிராயிலிருந்து ஒரு பெண் சின்ன லொறி ஒன்றில் வந்து மீன் கழிவு கேட்டா. முப்பத்தைந்து வயது இருக்கும். குடலையும் தலையையும் காசு கொடுத்து வாங்குகிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை.

"உந்தக் கழிவை என்ன செய்வியள், தங்கச்சி?" என்று கேட்டேன்.

"பசளை அண்ணை. முந்திரிகை வேருக்குப் போட."

இந்தியாவில் திராட்சை என்கிறார்களே, அந்தப் பழம்தான். மீன் தின்றால் பழம் இனிக்குமா, மணக்காதா, எத்தனை நாள் புதைக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். லொறியில் ஏறி இருந்துகொண்டு அவ சொன்னா: "அண்ணை, உவ்வளவு கேக்கிறியள். ஒருக்கா வந்து பாருங்கோவன்."

அடுத்த கிழமை பஸ் ஏறினேன். கணவர் கொழும்பில் வேலை, அவதான் தனியாக ஐந்து வரிசைப் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தா. கூட வேலை செய்த ஆள் வெளிநாடு போய்விட்டானாம். நான் வேலைக்கு வரவா என்று கேட்டேன். மேலும் கீழும் பார்த்தா. ஏணியில் ஏறமாட்டேன் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

"பந்தல் ஆறடிதான், ஏணி தேவையில்லை. முதல் பழம் வெட்டும்வரைக்கும் பாப்பம் அண்ணை. சரிவந்தா நிரந்தரம். சரிவராட்டி ஒருத்தருக்கொருத்தர் கோவிக்காமல் பிரிவம்."

அந்த ஒரு பழவெட்டில்தான் எங்கள் வீடு தொங்கிக்கொண்டிருந்தது. மூத்தவளே, நீ அந்த வருடம்தான் உயர்தரப் பரீட்சை எடுக்க இருந்தாய். உனக்கு ஒன்றும் தெரியவேண்டாம் என்று அம்மாவும் நானும் பேசிவைத்திருந்தோம்.

போன முதல் வாரமே அந்தத் தங்கச்சி கத்தரிக்கோலை எடுத்துக் கொடி முழுவதையும் வெட்டித் தள்ளினா. ஒரு இலை மிச்சமில்லை. கொடி செத்துப்போய்விட்டது என்றே நினைத்தேன். இரண்டு கிழமையில் வெட்டிய இடங்களிலெல்லாம் முளை. மூன்றாவது கிழமை பூ.

"ஏன் தங்கச்சி, வெட்டினா ஏன் உது கோவிச்சுக்கொண்டு பூக்குது?"

"அண்ணை, உங்கடை கேள்விக்கெல்லாம் மறுமொழி தெரிஞ்சா நான் யாழ்ப்பாணக் கம்பஸிலை எல்லே படிப்பிச்சுக்கொண்டிருப்பன்."

இப்படித்தான் போனது. கொடியின் சுருள், பந்தல் கம்பியை எப்படித் தேடிப் பிடிக்கிறது என்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பார்ப்பேன். பார்க்கும்வரை அசையாது. சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிவிட்டு வந்தால் பிடித்திருக்கும். கரைக்கு வந்தால் பழைய கூட்டாளிகள் விடமாட்டார்கள்.

"என்ன அண்ணை, இண்டைக்கு எத்தினை கிலோ வெங்காயம் பட்டது?"

"வெங்காயமில்லையடா, முந்திரிகை."

"ஓமோ. அது என்ன வலைக்குப் படும்?"

அவன் பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் வலைக்கும் வேலை வந்தது. காய் கறுக்கத் தொடங்கியதும் கொண்டைக்குருவியும் குயிலும் அணிலும் விடியமுதலே வந்துவிடும். போன வருடம் கால்வாசிப் பழத்தைக் குருவிக்குத்தான் கொடுத்தேன் என்று தங்கச்சி கவலைப்பட்டா.

"வலைதானே. அதை என்னட்டை விடுங்கோ," என்றேன். அந்தத் தோட்டத்தில் நான் கேள்வி கேட்காமல் பேசிய முதல் பேச்சு அது.

வீட்டுப் பின்பக்கத்தில் கிடந்த என் பழைய நைலோன் வலையை எடுத்தேன். மிதப்பையும் ஈயத்தையும் அறுத்தேன். பிறகு கரைக்குக் கொண்டுபோய் இடுப்பளவு தண்ணீரில் நின்று நன்றாக அலசினேன். ஆடுகிற படகில்தானே நிற்கக்கூடாது, காலுக்குக் கீழே தரை இருந்தால் பயமில்லை. பாசி, செதில், வழுவழுப்பு எல்லாம் போகும்வரை அலசி மணலில் காயப்போட்டேன். வெள்ளையாகக் காய்ந்தது. எங்கள் கரையில் சுத்தமான வலை என்றால் இதுதான். என் அப்பாவும் அப்படித்தான் கழுவினார். கிணற்றுத் தண்ணீர் சோறு சமைக்கவும் குளிக்கவும்தான். அதில் யாரும் வலை கழுவி நான் கண்டதில்லை.

சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். கொண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "அண்ணை, உந்த மூட்டையைப் பின்னுக்குக் கொண்டுபோங்கோ, ஆக்கள் இறங்கி ஓடப்போகினம்," என்றார்.

இரண்டு வரிசைக்குத்தான் வலை போதுமாக இருந்தது. இரண்டாம் வரிசையையும் மூன்றாம் வரிசையையும் மூடினேன். குருவிகள் வெளியே கம்பியில் வரிசையாக இருந்து கத்தின.

"எல்லாம் உங்களைத்தான் திட்டுதுகள் அண்ணை," என்று தங்கச்சி சிரித்தா.

அது மாசி மாதம். காலையில் பனி நன்றாக இறங்கும். போகும்போது வலையெல்லாம் முத்துமுத்தாக நீர் நிற்கும். அது வெயில் ஏறமுதல் இலையில் சொட்டிவிடும். பார்க்க வடிவாக இருக்கிறதென்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்துப் பன்னிரண்டு நாளில் இலைகளின் ஓரம் மண்ணிறமாகியது. பிறகு கருகிச் சுருண்டது.

தங்கச்சியின் முகம் வாடிவிட்டது. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. விவசாயப் போதனாசிரியருக்குத் தொலைபேசி எடுத்தா. அவர் வேறு ஊரில் நின்றார். இரண்டு நாள் கழித்துத்தான் வருவாராம்.

"பூஞ்சண நோயாத்தான் இருக்கும். நாளைக்கு அஞ்சு வரிசைக்கும் மருந்து அடிப்பம் அண்ணை. அடிச்சா நஞ்சு இறங்கும்வரை பழம் வெட்டேலாது, அதுக்குள்ளை கொடியிலையே பழுதாப்போம். என்ன செய்யிறது?"

அவ வீட்டுக்குள் போனபிறகு நான் வரிசை வரிசையாக நடந்தேன். முதலாம் வரிசை பச்சை. நான்காம், ஐந்தாம் வரிசைகளும் பச்சை. இரண்டாம் வரிசையில் வலை இரட்டையாக மடிந்து கிடந்த இடத்தில்தான் கருகல் கூட. நோய் வலையைப் பார்த்தா வரும்? எனக்கு அது விளங்கவில்லை. காய்ந்த ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் பொடி போல ஏதோ இருந்தது. ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, இலையைப் பிடித்து நக்கினேன்.

உப்பு. எங்கள் கடலின் உப்பு.

அடுத்த இலையை நக்கினேன். அதுவும் உப்பு. முதலாம் வரிசைக்குப் போய் ஒன்றை நக்கினேன். அது வெறும் இலை. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம், பிள்ளைகளே. பொய் சொல்லமாட்டேன். கண்டுபிடித்துவிட்டேனே என்று ஒரு துள்ளல். யார் செய்த வேலை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. பந்தல் தூணைப் பிடித்துக்கொண்டேன். அது தலைச்சுற்றில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவ மீன் கழுவிக்கொண்டிருந்தா.

"வலையைக் கழட்டிப்போட்டு, இலையளுக்குத் தண்ணியை அடிச்சுவிட்டிட்டுப் பேசாம இருங்கோவன். ஆர் வந்து நக்கிப் பாக்கப் போகினம்?"

"நாளைக்கு மருந்தடிக்கப் போகினம். அது மற்ற மூண்டு வரிசையையும் எல்லே பழுதாக்கும்."

அவ மீனைச் சட்டியில் போட்டு மூடினா.

"சொன்னா உங்களை வேலையாலை நிப்பாட்டிப்போடுவா," என்றா பிறகு.

"ஓம்."

"எங்கடை பெட்டையின்ரை ரியூசன் காசுக்கு?"

நான் விடியப் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து வைத்தேன்.

"சொல்லத்தான் போறியள் எண்டு தெரியும். அப்ப வெள்ளன போங்கோ. மருந்தைக் கரைச்சாப் பிறகு போய்ச் சொல்லி ஒண்டுமில்லை."

முதல் பஸ்ஸில் போனேன். தங்கச்சி முதுகில் மாட்டி மருந்தடிக்கும் தாங்கியைக் கழுவிக்கொண்டு நின்றா.

"தங்கச்சி, உது நோயில்லை. உப்பு."

"என்ன உப்பு?"

"இலையை நக்கிப் பாருங்கோ."

பைத்தியமோ என்று பார்ப்பதுபோல் பார்த்தா. பிறகு நடந்துபோய் ஒரு இலையை நாக்கு நுனியில் வைத்தா. துப்பினா. இன்னொன்றை வைத்தா.

"வலையைக் கழுவினனான் எண்டெல்லே சொன்னீங்கள்?"

"கழுவினனான்."

"எதிலை?"

"கடலிலை."

"கடல் தண்ணியிலையோ கழுவினீங்கள்?"

"வேறை எதிலை தங்கச்சி வலை கழுவிறது?"

அவ தூணோடு சாய்ந்து நின்றா. சிரிப்பு வருமோ என்று பார்த்தேன், வரவில்லை. கண் கலங்கியிருந்தது.

"நாலு மாதப் பாடு அண்ணை," என்று மட்டும் சொன்னா.

"தெரியும். இண்டைக்கு இலையளைக் கழுவி முடிச்சிட்டு நான் போறன். நீங்கள் சொல்லத் தேவையில்லை."

மருந்துத் தாங்கி மூலையில் கிடந்தது. வலையை இறக்கினோம். மோட்டரைப் போட்டு, குழாயைப் பிடித்து, இரண்டு வரிசையிலும் இலை இலையாகக் கழுவினோம். தண்ணீர் முகமெல்லாம் தெறித்தது. உரும்பிராய்க் கிணற்றுத் தண்ணீர் சும்மா குடித்தாலே இனிக்கும். கழுவி முடித்ததும், உப்பு போய்விட்டதா என்று நாளைக்கு யாராவது இலையை நக்கிப் பார்க்கவேண்டும் என்றேன். "ஓம், உங்கடை நாக்குத்தான் இனிமேல் போதனாசிரியர்," என்றா, கோபம் குறையாமலே. அடுத்த நாள் வரச் சொல்கிறா என்று எனக்கு விளங்கியது.

இரண்டாம் வரிசையில் பாதிக் குலை வாடி விழுந்தது. மூன்றாம் வரிசை தப்பியது. மற்ற மூன்றும் நேரத்துக்கு வெட்டுப்பட்டன. வெட்டி முடித்த பின்னேரம் பெட்டிகளை லொறியில் ஏற்றிவிட்டு வந்து அவ சொன்னா:

"மருந்தடிச்சிருந்தா எல்லாம் போயிருக்கும். அடுத்த கிழமை கத்தரிக்கத் துவங்கிறம். நீங்களும் ஒரு வரிசை வெட்டிப் பழகுங்கோ. வெட்டேக்கை கேள்வி கேக்கக்கூடாது."

"ஒண்டு மட்டும் கேக்கலாமோ?"

"என்ன?"

"வலை இன்னும் வேணுமோ?"

"வலை வேணும் அண்ணை. கடல்தான் வேண்டாம்."

அவ வீட்டுக்குப் போய்விட்டா. வெயில் தாழ்ந்திருந்தது. சாக்கிலிருந்த வலையை எடுத்துக்கொண்டு காணியின் கடைசி மூலைக்குப் போனேன். அங்கே கொடி இல்லை, இரண்டு பனை மட்டும்தான். பிளாஸ்ரிக் பீப்பாவைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பி, வலையை அமுக்கி, கையால் கசக்கிப் பிழிந்து, தண்ணீரைப் பனையடியில் கவிழ்த்தேன். திரும்ப நிரப்பினேன். மூன்றாவது தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருந்தது. அதையும் கவிழ்த்துவிட்டு, நான்காம் முறை பீப்பாவை நிரப்பினேன்.