இடது ஓரத்துச் சமையல்காரர்

அழைப்பு மணி அடித்தால் அவர் கதவைத் திறப்பதில்லை. முதலில் மனைவியிடம் சமையலறை விளக்கை அணைக்கச் சொல்வார். பிறகு வெறுங்காலுடன் கூடத்தைக் கடந்து, ஜன்னல் திரையை இரண்டு விரல் அகலத்துக்கு விலக்கி, வந்தவரின் காலைப் பார்ப்பார். முகத்தை யார் வேண்டுமானாலும் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. "தேய்ஞ்ச செருப்புன்னா ஏதோ விக்க வந்திருக்கான். பாலிஷ் போட்ட ஷூன்னா ஏதோ கேக்க வந்திருக்கான். ரெண்டுமே நமக்கு வேண்டாம்."

எங்கள் குடியிருப்பில் அவருக்குச் 'செக்போஸ்ட்' என்று பெயர். அவருக்கும் தெரியும். தபால் வந்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து முடிந்தவரை படித்த பிறகுதான் பிரிப்பார். படியில் பார்த்து "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டால் போதும், "ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று நின்றுவிடுவார். வயது எழுபத்திரண்டு. ராணுவத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்துச் சுவரில் அதற்கு அத்தாட்சியாக ஒரு படம்: சீருடையில் விறைப்பாக நிற்கிறார், கையில் வாணலி. பணியின் கடைசி வருடம் தானே கேட்டு எடுத்துக்கொண்டதாம். வாணலியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

"சமையல்காரர்னு சொல்லித்தான் எங்கப்பா என்னைக் கட்டிக் குடுத்தார்," என்பார் அவர் மனைவி. "உனக்கு அடுப்படிக் கவலையே இல்லம்மான்னார். கல்யாணமான மறுவாரம் இந்த மனுஷன் முட்டை வேக வெச்சார். தண்ணி ஊத்தாம!"

விஷயம் இதுதான். அவருடைய படைப்பிரிவுக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. பொழுது போகாத சிப்பாய்கள், கிடங்குக்குப் பின்னால் கூடாரக் கம்புகளை நட்டு ஆரம்பித்தது. பின்னால் ஆட்டப் பித்துப் பிடித்த ஓர் அதிகாரி வந்து சேர, கோப்பைக்கு அலையும் அணியாகிவிட்டது. பணியில் இருப்பவர் மட்டுமே ஆடலாம் என்பது போட்டி விதி. ஆகவே வெளியில் நல்ல ஆட்டக்காரன் கண்ணில் பட்டால், அந்த மாதம் எந்த இடம் காலியோ அதில் சேர்த்துக்கொள்வார்கள். கோல் காவலர், பதிவேட்டில் முடிதிருத்துபவர். நடுவில் நின்று தடுத்தவர் தையல்காரர். இடது ஓரத்தில் ஓடிய இவர் சமையல்காரர். ஒருவரும் கத்தரிக்கோலையோ ஊசியையோ கரண்டியையோ தொட்டதில்லை.

சமைக்காத சமையல்காரரைத் தேடி என்றாவது ஒருநாள் விசாரணை வரும், பென்ஷனை நிறுத்திவிடுவார்கள். முப்பது வருடமாக அவர் கதவுக்குப் பின்னால் எதிர்பார்த்து நிற்பது இதைத்தான். பழைய கூட்டாளிகளோடு தொலைபேசியில்கூடப் பேசுவதில்லை. "எவன் எங்க மாட்டியிருக்கானோ."

சென்ற மாதம் ஒரு காலை, மாடிப்படியில் பாதி ஏறி என்னை அழைத்தார். "மேல்வீட்டம்மா, கொஞ்சம் இறங்கி வாங்க. பாலிஷ் போட்ட ஷூ வந்திருக்கு. நீங்க எதுவும் பேச வேண்டாம். சாட்சியா உக்காருங்க, போதும்."

வந்திருந்தவர் படைப்பிரிவு அலுவலகத்து கிளார்க். அணிக்கு எழுபத்தைந்து வயதாகிறது, வரலாறு எழுதிப் புத்தகமாகப் போடுகிறோம், பழைய ஆட்டக்காரர்களைப் பார்த்து வருகிறேன் என்றார். இவர் நன்றாகத் தலையாட்டினார். ஒரு சொல்லையும் நம்பவில்லை.

"எத்தனை வருஷம் ஆடினீங்க சார்?"

"நான் எங்க ஆடினேன்? சமையல். காலையில அடுப்பப் பத்த வெச்சா ராத்திரி வரைக்கும்."

"அப்படியா! எத்தனை பேருக்கு சார் சமைப்பீங்க?"

"வந்தவங்களுக்கெல்லாம்."

"என்ன ரொம்ப நல்லா செய்வீங்க?"

அவர் சற்று யோசித்தார். "முட்டை."

"தண்ணி ஊத்தியா, ஊத்தாமலான்னு கேளுங்க தம்பி," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

கிளார்க் ஒரு புகைப்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கோப்பையைச் சுற்றிப் பதினோரு பேர். முன்வரிசையின் ஓரத்தில் குந்தியிருந்த ஒல்லிப் பையனுக்குக் கீழே மட்டும் பெயர் இல்லை. மூக்கு இதே மூக்கு.

"இது யாருன்னு தெரியுதா சார்?"

வெகுநேரம் பார்த்தார். "ஞாபகம் இல்ல."

"சரி, பெயர் தெரியவில்லைன்னு போட்டுடறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது."

அதற்கும் தலையாட்டினார்.

"அப்புறம், துறைமுக அணியோட ஃபைனல்," என்றார் கிளார்க், ஃபைலைக் கட்டிக்கொண்டே. "கடைசி நிமிஷக் கோல் யார் போட்டதுன்னு தெரியல. எதிர் டீம் ஆளே முழங்கால்ல இடிச்சு உள்ள தள்ளிட்டான்னு எழுதியிருக்கோம்."

"யார் சொன்னது?"

"உங்க கோலிதான். முடிதிருத்தறவர்."

"அவனா! அவன் மைதானத்தோட அந்தக் கோடியில நின்னவன். கொட்டற மழையில அவனுக்கு அவன் கம்பமே தெரிஞ்சிருக்காது!"

"அன்னிக்கு மழையா சார்?"

நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பதுபோல அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மெஸ் ஜன்னல் வழியா பார்த்தேன்," என்றார் பிறகு, குரலை இறக்கி.

அவர் மனைவி ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றார். "ஏங்க, சொல்லித் தொலைங்களேன். தூக்கத்துல கூட அந்தக் கோலைத்தானே உதைக்கறீங்க. என் முதுகக் கேளுங்க தம்பி, அது சொல்லும்."

"நீ சும்மா இரு. பென்ஷன் நின்னா நாளைக்கு நீ எங்க போவ?"

"பென்ஷனா?" என்றார் கிளார்க். "அதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க."

கிளார்க் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "சரி சார். எதிர் டீம் கோலுன்னே இருக்கட்டும்."

"உக்காருங்க," என்றார் இவர்.

உள்ளே போனார். பீரோச் சாவி இரண்டு சுற்றுச் சுற்றும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பென்ஷன் புத்தகத்தைக் கொண்டுவந்து புகைப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இத எடுத்துட்டுப் போங்க. நான் ஒரு நாளும் சமைக்கல. அந்தக் கோல் என்னுது. கார்னர்லேர்ந்து வந்த பந்து, தரையில விழறதுக்கு முன்னாடி, இடது கால். எம்பேர் போட்டு எழுதிக்கோங்க."

கிளார்க் சிரித்துவிட்டார். இதெல்லாம் வேண்டாம் சார் என்று புத்தகத்தைத் திருப்பித் தள்ளினார். பெயரை எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தார். இவரோ பேனா முனையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒற்றை விரலால், புத்தகத்தை மறுபடியும் கிளார்க் பக்கமே நகர்த்தினார்.